ஐ-751 போடச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது, எனக்கு இது பொருந்துமா?

சிவகாசிக்காரி | 2024 செப்டம்பர் 14

வணக்கம். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது டல்லாஸ் பக்கம். வியாழக்கிழமை குடிவரவு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. என்னுடைய நிரந்தர வசிப்புரிமை "நிபந்தனைக்கு உட்பட்டது", அது 2024 டிசம்பர் 9 அன்று முடிகிறது, அதற்கு முந்தைய 90 நாளுக்குள் நானும் கணவரும் சேர்ந்து ஐ-751 (அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் படிவம்) தாக்கல் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் வசிப்புரிமை தானாகப் போய்விடும் என்று இருக்கிறது. நாட்டை விட்டு வெளியேற்றும் நடவடிக்கை பற்றியும் ஒரு வரி. அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கணவர் அமெரிக்கக் குடிமகன். கல்யாணம் 2020 நவம்பர் 26, சிவகாசியில், கொரோனா சமயம் என்பதால் நெருங்கிய சொந்தம் மட்டும். மும்பை நேர்காணல் முடிந்து 2022 செப்டம்பரில் விசா கிடைத்தது. தீபாவளியை அம்மா வீட்டில் முடித்துக்கொண்டு, தங்கைக்கு வளைகாப்பும் பார்த்துவிட்டு, டிசம்பர் 9ஆம் தேதிதான் இங்கே வந்து இறங்கினேன்.

கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டினால் பத்து வருட கிரீன் கார்டு என்று எங்கேயோ படித்த ஞாபகம். என் கார்டை இப்போதுதான் உற்றுப் பார்த்தேன். பிரிவு என்ற இடத்தில் சிஆர்1, அதாவது நிபந்தனைக்கு உட்பட்ட மனைவி. இரண்டு வருடம்தான் போட்டிருக்கிறார்கள். இத்தனை நாள் இது கண்ணில் படவே இல்லை.

கணவரின் நண்பர், "750 டாலரைக் கட்டி ஐ-751 போட்டுவிடு, வம்பு விட்டது" என்கிறார். என்ன செய்வது? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

---

பழைய ஹெச்1பி | செப்டம்பர் 14

முதலில் கடிதம் உண்மையானதா என்று பாருங்கள். உங்கள் ஏ-நம்பரும் (குடிவரவுக் கோப்பு எண்) பெயரும் கார்டில் இருப்பது போலவே இருக்கின்றனவா? எந்தப் போன் நம்பருக்காவது கூப்பிடச் சொல்லி, கிஃப்ட் கார்டில் பணம் கேட்டால் அது மோசடி. அரசு அப்படிக் கேட்காது. மற்றபடி இந்த நினைவூட்டல் கடிதம் வழக்கமாக வருவதுதான், இரண்டு வருடக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு முடிகிற தேதிக்குச் சுமார் மூன்று மாதம் முன்னால் அனுப்புவார்கள்.

---

சும்மா சொல்றேன் | செப்டம்பர் 14

நண்பர் சொன்னதுதான் சரி. ஐ-751 போட்டால் வரும் ரசீது, கார்டை 48 மாதம் நீட்டித்துக் கொடுத்துவிடும். நான்கு வருடம் நிம்மதி. அரசாங்கமே போடச் சொல்லும்போது நாம் ஏன் சட்டம் பேச வேண்டும்?

---

கோப்பு அண்ணாச்சி | செப்டம்பர் 15

தங்கச்சி, பதறாதே. ஒரு நாள் பொறு, எதையும் தபாலில் போட்டுவிடாதே. நான் வக்கீல் இல்லை, ஆனால் என் வீட்டுக்காரிக்காகவும் இரண்டு மச்சான்களுக்காகவும் இந்தப் படிவங்களோடு பத்து வருடம் மல்லுக்கட்டியவன்.

எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது. நீ நிரந்தர வசிப்பாளர் ஆன அன்று, கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்ததா, இல்லையா? விசா கையில் கிடைத்த நாள் கணக்கில் வராது. விமான நிலையத்தில் உன்னை உள்ளே அனுமதித்த நாள்தான் கணக்கு. விசாவில் வந்தவர்களுக்கு அதுதான் வசிப்பாளர் ஆகும் நாள்.

விசா அச்சடித்தபோது உனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் பத்து மாதம். அதனால் விசாவில் சிஆர்1 என்று போட்டார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் நீ வந்து இறங்கிய டிசம்பர் 9 அன்று இரண்டு வருடம் முடிந்து பதின்மூன்று நாள். வளைகாப்பு பார்த்துவிட்டு வந்தாய் பார், அதுதான் உனக்கு லாபம்! வரிசையில் இருந்த அதிகாரி விசாவில் இருந்த சிஆர்1 ஐ அடித்துத் திருத்தி, நிபந்தனை இல்லாத ஐஆர்1 ஆக அனுமதித்திருக்க வேண்டும். இது என் அபிப்பிராயம் இல்லை. 8 சிஎஃப்ஆர் 235.11 என்ற அமெரிக்க அரசு விதியிலேயே, விசா கொடுத்த பிறகும் நாட்டுக்குள் நுழையும் முன்பும் இரண்டாவது ஆண்டு நிறைந்துவிட்டால் திருத்தி அனுமதிக்க வேண்டும் என்று, உன் கதையையே உதாரணமாக எழுதி வைத்தது போல இருக்கிறது.

அன்று அது நடக்கவில்லை. கம்ப்யூட்டரில் சிஆர்1 என்று ஏறியது, கார்டு அப்படியே வந்தது, இரண்டு வருடம் கழித்து இந்தக் கடிதமும் அதே பதிவிலிருந்து தானாக வந்திருக்கிறது. கடிதம் அச்சடித்த இடத்தில் யாரும் உன் கல்யாணத் தேதியைப் பார்க்கவில்லை.

இப்போது இரண்டு விஷயம் பார்த்துச் சொல். ஒன்று, பாஸ்போர்ட்டில் விசா பக்கத்தில் விழுந்த முத்திரை, அதன் பக்கத்தில் கையால் என்ன எழுதியிருக்கிறது. இரண்டு, கல்யாணச் சான்றிதழில் இருக்கும் தேதி.

---

சிவகாசிக்காரி | செப்டம்பர் 15

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. முத்திரையில் 2022 டிசம்பர் 9. பக்கத்தில் நீல மையில் சிஆர்1 என்று கையால் எழுதியிருக்கிறது, கிறுக்கலாக, அவசரத்தில் எழுதியது போல.

ஆனால் சான்றிதழைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. அதில் இரண்டு தேதி இருக்கிறது. திருமணத் தேதி 2020 நவம்பர் 26. பதிவு செய்த தேதி 2020 டிசம்பர் 21. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அப்பா பிறகுதான் கூட்டிப்போனார்.

---

சும்மா சொல்றேன் | செப்டம்பர் 15

பார்த்தீர்களா. டிசம்பர் 21 என்றால் நீங்கள் வந்த அன்று இரண்டு வருடம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி. கடிதம் சரிதான். ஐ-751 போடுங்கள்.

---

கோப்பு அண்ணாச்சி | செப்டம்பர் 16

தம்பி, கொஞ்சம் நில்லு.

ரெஜிஸ்டர் ஆபீசில் நடந்தது கல்யாணம் இல்லை, நடந்த கல்யாணத்தைப் பதிந்தது. இந்து திருமணச் சட்டம் 7ஆம் பிரிவில் சடங்கு முடிந்ததும் கல்யாணம் முடிந்தது. 8ஆம் பிரிவு, பதியாமல் விட்டாலும் கல்யாணம் செல்லும் என்கிறது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், அதைத்தான் அவள் அப்பா செய்திருக்கிறார். அமெரிக்கா பொதுவாகப் பார்ப்பது, கல்யாணம் நடந்த ஊரின் சட்டப்படி அது எப்போது செல்லுபடியானது என்பதை. ஆக, நவம்பர் 26.

தாலி கட்டாமல் நேராகப் பதிவாளர் முன்னால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்துகொண்டவர்களுக்கு மட்டும் அந்த அலுவலகத் தேதியே கல்யாணத் தேதி. இவளுடையது அப்படி இல்லை.

ஆனாலும் தங்கச்சி, தம்பி கேட்டதில் ஒரு நல்லது இருக்கிறது. உன் கணவர் உனக்காக 2021இல் போட்ட ஐ-130 மனுவிலும், விசாவுக்காக நீ நிரப்பிய டிஎஸ்-260லும் கல்யாணத் தேதியாக எதைக் கொடுத்தீர்கள்? ஒன்றில் நவம்பர், மற்றொன்றில் டிசம்பர் என்று இருந்தால் அதிகாரி குழம்ப வாய்ப்பு உண்டு. பழைய பிரதிகளை எடுத்துப் பார்.

---

சிவகாசிக்காரி | செப்டம்பர் 16

பார்த்துவிட்டேன். இரண்டிலும் நவம்பர் 26. அப்பாடா. கணவர் இதையெல்லாம் பிடிஎஃப் ஆக்கிச் சேர்த்து வைக்கும்போது கிண்டல் செய்திருக்கிறேன், இனி செய்ய மாட்டேன்.

அப்படியென்றால் கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா?

---

நெவார்க் மருமகன் | செப்டம்பர் 16

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். என் அக்காவுக்கு இதே கதை. "நாம்தான் நிபந்தனைக்கே உட்படவில்லையே" என்று கடிதத்தை டிராயரில் போட்டு வைத்தார். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது அல்லவா. ஐ-751 வராததால் வசிப்புரிமை முடிந்தது என்று அடுத்த கடிதம் வந்தது. கடைசியில் வக்கீல் வைத்து, அந்தத் தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில் ஒப்புதல் படிவம் கொடுத்து, அவர்கள் மூலம் விசாரித்துத்தான் சரியானது. சரியாகிவிட்டது, ஆனால் அந்த எட்டு மாதம் அவர் ஊருக்கு வர முடியாமல் பாட்டி காரியத்தைக்கூட வீடியோவில் பார்த்தார்.

---

கோப்பு அண்ணாச்சி | செப்டம்பர் 17

மருமகன் சொல்வதுதான் முக்கியம். சும்மா இருப்பதும் தப்பு, பயந்துபோய் அவர்கள் கேட்ட படிவத்தையே கொடுப்பதும் என் கணக்கில் தப்பு. ஐ-751 என்பது "நான் நிபந்தனைக்கு உட்பட்டவள்" என்று நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி. 750 டாலர் திரும்பி வராது. அந்தப் படிவம் வருடக்கணக்கில் கிடக்கும்போது குடியுரிமை மனுவும் அதோடு சேர்ந்து சிக்கிக்கொள்ளும்.

உனக்கு வேண்டியது ஐ-90, கார்டை மாற்றித் தரக் கேட்கும் படிவம். அதில், அரசின் தவறால் கார்டில் விவரம் பிழையாக இருக்கிறது என்று தனியாக ஒரு காரணம் உண்டு, அதைத் தேர்ந்தெடு. சாதாரணமாக ஐ-90க்கு ஆன்லைனில் 415, காகிதத்தில் 465 டாலர். தவறு அவர்களுடையது என்றால் கட்டணம் இல்லை. காலாவதிக்காகப் புதுப்பிக்கும் காரணத்தை மட்டும் மறந்தும் தொடாதே, இரண்டு வருடக் கார்டுக்கு அது செல்லாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கூட வைக்க வேண்டியவை: கல்யாணச் சான்றிதழ், தமிழில் இருக்கும் பகுதிக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது சரியானது என்று கையெழுத்திட்ட வரிகள். முத்திரை விழுந்த விசா பக்கம். வந்த கடிதத்தின் நகல். மேலே ஒரு பக்கக் கடிதம், அதில் மூன்றே தேதி: கல்யாணம், விசா, நுழைவு. கூடவே 235.11 என்ற எண். கோபம், வருத்தம், உன் அம்மாவின் ரத்த அழுத்தம் எதுவும் வேண்டாம். படிப்பவர் முப்பது வினாடியில் கழித்தல் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பிழையான அசல் கார்டையும் அனுப்பச் சொல்வார்கள். கார்டு கையை விட்டுப் போனால் ஆதாரம்? அதனால் முதலில் கார்டின் இரண்டு பக்கத்தையும் நகல் எடு. பிறகு தொலைபேசி மையத்தைக் கூப்பிட்டு, பாஸ்போர்ட்டில் ஐ-551 முத்திரை (கார்டுக்குப் பதிலாக வசிப்புரிமைக்குத் தற்காலிக ஆதாரம்) வேண்டும் என்று கேள். எந்திரக் குரல் உன்னை இணையதளத்துக்கே திருப்பி அனுப்பப் பார்க்கும், விடாதே, "ஏஜென்ட்" என்று சொல்லிக்கொண்டே இரு. முத்திரை விழுந்துவிட்டால் டிசம்பர் 9 தாண்டினாலும் வேலை, பயணம் எதற்கும் அது போதும்.

நவம்பர் கடைசிக்குள் முத்திரையும் வரவில்லை, பதிலும் இல்லை என்றால் குடிவரவு வக்கீலிடம் போய்விடு. சிலர் அந்த நிலையில் பாதுகாப்புக்காக, "நான் உட்பட்டவள் இல்லை, ஆனாலும் தாக்கல் செய்கிறேன்" என்ற கடிதத்தோடு ஐ-751 போடச் சொல்வார்கள். அந்த முடிவை அவர் எடுக்கட்டும், நானோ தம்பியோ எடுக்கக் கூடாது.

இன்னொன்று, வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரி மாற்றம் கொடுத்துவிடு.

---

சும்மா சொல்றேன் | செப்டம்பர் 17

சரி அண்ணாச்சி, ஒப்புக்கொள்கிறேன். நான் 48 மாதத்தை மட்டும் பார்த்தேன்.

---

சிவகாசிக்காரி | 2024 நவம்பர் 3

என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்காக. நான்கு முறை கூப்பிட்டேன். முதல் மூன்று பேரும் "ஐ-751 போடுங்கள்" என்றே சொன்னார்கள், கார்டில் சிஆர்1 என்று இருப்பதைத்தானே அவர்களும் பார்ப்பார்கள். நான்காவது பெண்மணி மட்டும் தேதிகளைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். மேலதிகாரி திரும்ப அழைத்தார், நேரில் வர நேரம் கொடுத்தார்.

போன வாரம் போனோம். ஜன்னலில் இருந்தவர் சான்றிதழையும் விசா பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விரலை மடக்கி மாதம் எண்ணினார், எங்கள் தாத்தா பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரியே! அப்புறம், "ஐ-90 அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லி முத்திரை குத்திக் கொடுத்தார். ஒரு வருடம் செல்லும். மறுநாளே கார்டையும் மற்றதையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம்.

---

சிவகாசிக்காரி | 2025 மார்ச் 22

கார்டு வந்துவிட்டது!! ஐஆர்1, பத்து வருடம். வசிப்பாளர் ஆன நாள் அதே 2022 டிசம்பர் 9. நடுவில் ஜனவரியில் மொழிபெயர்ப்பில் கையெழுத்து தெளிவாக இல்லை என்று ஒரு முறை கேட்டார்கள், திரும்ப அனுப்பினோம். இப்போது அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "ஏன் அப்பவே சொல்லல" என்று திட்டு வாங்கியாயிற்று.

அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி. குடியுரிமைக்கு மூன்று வருடம் என்றால் என்-400 குடியுரிமை மனுவை 90 நாள் முன்னாலேயே, அதாவது 2025 செப்டம்பர் 10இல் போடலாமா?

---

கோப்பு அண்ணாச்சி | மார்ச் 22

வாழ்த்துகள் தங்கச்சி. அந்த 90 நாள் சலுகை இங்கே வசித்த காலக் கணக்குக்கு. குடிமகனின் மனைவி என்று மூன்று வருடத்தில் போடுகிறவர்கள் கணவனோடு சேர்ந்து வாழ்ந்த மூன்று வருடத்தையும் காட்ட வேண்டும், நீங்கள் சேர்ந்து இருக்க ஆரம்பித்ததே நீ வந்து இறங்கிய அன்றுதான். அதற்கும் அந்தச் சலுகை உண்டு என்று நம்பிப் போடாதே. டிசம்பர் 9 தாண்டட்டும்.

---

சிவகாசிக்காரி | மார்ச் 23

சரி. ஊரிலிருந்து சித்தப்பா அனுப்பிய தினசரி காலண்டரில் டிசம்பர் 10ஆம் தாளை மட்டும் மடக்கி வைத்துவிட்டேன்.