சொல் இல்லாமல் அறிய முடியுமா?

கயல்:
மொழி எதுவரை போகிறதோ அதுவரைதான் அறிவும் போகும் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். என் மனம் ஒப்பவில்லை. பேச்சு வருவதற்கு முன்பே என் மகள் என் முகத்தைப் பார்த்துக் கோபத்தைக் கண்டுகொள்வாள். அது அறிவு இல்லையா? ஆனாலும் பேச்சு வந்த பிறகு அவளிடம் ஏதோ பெரிதாக மாறியது. அது என்ன?

இளங்கோ:
பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஒரு வாக்கியம் கோக்க முடியாதவர் கணக்கைச் சரியாகப் போடுவார், சதுரங்கத்தில் நிதானமாகத் திட்டமிடுவார். ஆகவே உங்கள் நண்பர் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் இவர்கள் மொழியோடு வளர்ந்தவர்கள். மொழியே கிடைக்காமல் வளர்ந்தவர்கள்?

மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவில் 1970களின் பிற்பகுதியில் காதுகேளாத பிள்ளைகள் முதன்முறையாகப் பெருமளவில் பள்ளியில் ஒன்றுகூடினார்கள். அதுவரை அவரவர் வீட்டுச் சைகைதான். கூடியதும் அவர்களே ஒரு சைகை மொழியை உருவாக்கிக்கொண்டார்கள். முதலில் வந்தவர்களிடம் 'நினைக்கிறான்', 'அவனுக்குத் தெரியாது' போன்ற சைகைகள் குறைவு. பின்னால் வந்த இளையவர்களிடம் அவை அதிகம். ஒருவன் இல்லாத நேரத்தில் அவன் பொம்மையை இடம் மாற்றினால், திரும்பி வந்து எங்கே தேடுவான்? தான் வைத்த பழைய இடத்தில்தான். பெரியவர்களாகிவிட்ட அந்த மூத்தவர்களில் பலர் இதில் தடுமாறினார்கள். சில ஆண்டுகளில் அந்தச் சைகைகளைப் பழகிக்கொண்டதும் விடையும் மேம்பட்டது. ஆய்வாளர்கள் ஜென்னி பையர்ஸ், ஆன் செங்காஸ் இருவரும் 2009இல் இதை வெளியிட்டார்கள். அடுத்தவர் உண்மைக்கு மாறான ஒன்றை நம்பிக்கொண்டிருக்கலாம் என்பதைப் பிடிக்கவே மொழி துணைநிற்கிறது! எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

நன்மாறன்:
அமேசான் காட்டுப் பிரஹா மக்களின் மொழியில் துல்லியமான எண்கள் இல்லை. 2008இல் வெளிவந்த ஆய்வில், கண்ணெதிரே இருந்த பொருள்களுக்கு ஈடாக அதே அளவு எடுத்து வைத்தார்கள். அவற்றை மறைத்ததும் எண்ணிக்கை பிசகியது. சொல் இல்லாமலும் பார்க்கலாம். பார்த்ததைச் சிதறாமல் வைத்துக்கொள்ளத்தான் சொல் வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

கயல்:
இளங்கோ சார், அந்த நிகரகுவா மூத்தவர்கள் வளர்ந்த பிறகும் கற்றார்களே. அப்படியென்றால் தாமதமானாலும் பரவாயில்லையா?

இளங்கோ:
பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். சொற்களைப் பின்னாலும் சேர்க்கலாம். ஆனால் முதல் மொழியே பிந்திக் கிடைத்தால் இலக்கணத்தில் அந்தச் சரளம் பெரும்பாலும் வருவதில்லை. காதுகேளாத குழந்தைக்குப் பேச்சு வரட்டும் என்று காத்திருக்கும் பெற்றோரிடம் நான் மன்றாடுவது ஒன்றுதான்: செவிக்கருவி பொருத்துங்கள், பேச்சுப் பயிற்சி கொடுங்கள், ஆனால் சைகை மொழியைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். நீங்களும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள்.