கலைச்சொல் வேண்டல்: ‘தேஜா வூ’

வந்தாறுமூலை, உளவியல் விரிவுரையாளர்:

அன்பின் குழும நண்பர்களுக்கு,

முதலாம் வருட மாணவர்களுக்கான ‘நினைவு’ என்னும் பாடக்குறிப்பினை வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்திடம் ஒப்படைக்க வேண்டியுள்ளது. பிற சொற்கள் ஒருவாறு முடிந்துவிட்டன. ‘தேஜா வூ’ என்னும் பிரெஞ்சுத் தொடர் ஒன்றே எஞ்சி நிற்கிறது. முதன்முறையாகச் செல்லும் இடத்தில் நிற்கும்போது, அல்லது முதன்முறையாக நிகழும் உரையாடலின் நடுவே, ‘இது முன்னமே நடந்தது’ என்று திடீரெனத் தோன்றிச் சில நொடிகளில் மறையும் உணர்வையே அது குறிக்கிறது. நெப்பே என்ற ஆய்வாளர் 1983 இல் தந்த வரையறையையே பலரும் எடுத்தாளுகின்றனர்: நிகழ்கால அனுபவம் ஒன்று, இன்னதென்று சுட்ட இயலாத கடந்தகாலத்தோடு பழக்கமுடையதாகத் தோன்றுதல், அத்தோற்றம் பொருந்தாதது என்பதையும் அனுபவிப்பவரே உணர்ந்திருத்தல். இவ்விரண்டு கூறுகளும் சொல்லுக்குள் அடங்க வேண்டும். தற்போதைக்கு ‘முன்கண்டமை’ என்று எழுதியிருக்கிறேன். எனக்கே அதில் நிறைவில்லை. உதவுங்கள்.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்பின் பிள்ளைக்கு,

பிறநாட்டார் இதனைப் புதிதாகக் கண்டுபிடித்ததைப் போல எழுதுவது வியப்பாக உள்ளது. மணிமேகலையின் ஒன்பதாவது காதைக்குப் பெயரே ‘பீடிகை கண்டு பிறப்புணர்ந்த காதை’ என்பதாகும். மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்ட மாத்திரத்தில், முற்பிறப்பில் தான் இலக்குமியாகவும் தன் கணவன் இராகுலனாகவும் இருந்ததை அவள் உணர்கிறாள். அந்த மணிபல்லவத்தை நயினாதீவென்று கொள்வோரும் பலர். ஆகவே நம் நாட்டு மண்ணிலேயே இச்சொல் விளைந்திருக்கிறது. ‘பிறப்புணர்வு’ என்று வையுங்கள். எங்கள் ஊரிற் பிறந்து, 1936 இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் இருந்திருந்தால் இலக்கியத்தினுள்ளேதான் முதலில் தேடியிருப்பார் என்பது என் துணிபு.

சம்மாந்துறை, உயர்தர வகுப்பு ஆசிரியர்:

அஸ்ஸலாமு அலைக்கும். மாஸ்டர் அவர்களின் சான்று அழகானது. ஆயினும் பாடநூற் சொல்லாக அதனை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. என் வகுப்பிலுள்ள பிள்ளைகளுக்கு மறுபிறப்பில் நம்பிக்கை இல்லை. இதே உணர்வை எங்கள் வீட்டு மூத்தவர்கள் வேறுவிதமாக விளக்குவர்: ரூஹுகள், அதாவது ஆன்மாக்கள், அணிவகுத்த படைகளைப் போன்றவை என்றும், அங்கே அறிமுகமானவை இங்கே இணங்கும் என்றும் ஒரு ஹதீஸ் உண்டு. முன்பின் அறியாத ஒருவரைக் கண்டதும் நெடுநாட் பழகியவர்போல் தோன்றுவதற்கு அதனைக் காரணமாகச் சொல்வர். அதற்காக நான் ‘ரூஹறிமுகம்’ என்று சொல்லாக்கம் செய்து இங்கே கொண்டுவரவில்லை. காரணத்தைப் பற்றிய நம்பிக்கை எதுவும் சொல்லுக்குள் நுழையக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

வந்தாறுமூலை, உளவியல் விரிவுரையாளர்:

சம்மாந்துறை சேர் சொல்வதையே பிரெஞ்சுக்காரரும் தமக்குள் வாதிட்டிருக்கிறார்கள். எமீல் புவராக் 1876 இல் ஒரு தத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தில் இத்தொடரைக் கையாண்டார். அக்காலத்தில் ‘பொய் நினைவு’, ‘பொய்யாக அறிந்துகொள்ளல்’ என்றெல்லாம் மருத்துவர்கள் ஆளுக்கொரு பெயர் வழங்கிவந்தனர். அப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு கொள்கையைச் சுமந்து நிற்கின்றன என்பதால், கொள்கை எதனையும் சாராத ‘ஏற்கெனவே கண்டது’ என்பதையே வழங்கலாம் என்று 1896 இல் ஆர்னோ என்ற மருத்துவர் முன்மொழிந்தார்.

மாஸ்டர் ஐயா, மணிமேகலை எடுத்துக்காட்டில் எனக்குள்ள இடர்ப்பாடு நம்பிக்கை சார்ந்ததன்று. அவளுக்குப் பெயர் தெரிகிறது, கணவன் தெரிகிறது, அவன் பாம்பின் நஞ்சால் இறந்ததும் தெரிகிறது. அது முழுமையான நினைவு. தேஜா வூவிலோ நினைவு என்று சொல்ல ஒன்றுமே இராது. எங்கே, எப்போது என்று தேடினால் கைக்கு எதுவும் அகப்படாது, பழகிய உணர்வு மட்டும் நிற்கும்.

அது ஏன் அவ்வாறு நிற்கிறது என்பதற்கு ஆன் கிளியரி என்ற அமெரிக்க ஆய்வாளர் தரும் விளக்கமே மாணவர்களுக்கு எளிதில் விளங்கும் என்று எண்ணுகிறேன். பொருள்கள் வேறாயினும் அவை அமைந்துள்ள ஒழுங்கு ஒன்றாயிருந்தால், மனம் அந்த ஒழுங்கை அடையாளம் கண்டுகொள்கிறது; ஆனால் அது எந்த இடத்திலிருந்து வந்ததென்று சொல்ல அதனால் முடிவதில்லை. கல்முனை வீதியில் பெரியகல்லாற்றுப் பாலத்தை நாளாந்தம் கடப்பவர் ஒருவர், முதன்முறையாக மன்னார்த் தாம்போதியில் இரு மருங்கும் நீர் விரியக் காணும்போது, கல்லாறு நினைவுக்கு வராமலே ‘இங்கே வந்திருக்கிறேன்’ என்ற உணர்வு மட்டும் எழக்கூடும். கணினியில் அமைத்த முப்பரிமாணக் காட்சிகளைக் கொண்டு கிளியரியின் குழு 2012 இல் வெளியிட்ட ஆய்வில், முன்னர் பார்த்த காட்சியின் அதே அமைப்பைக் கொண்டிருந்தும் அம்முற்காட்சி நினைவுக்கு வராதபோது, தேஜா வூ கூடுதலாகக் காணப்பட்டது. முற்பிறப்போ ரூஹோ இன்றியும் இவ்வளவு தூரம் விளக்க முடிகிறது. எல்லா வகைக்கும் இது ஒன்றே காரணம் என்று கிளியரியும் சொல்லவில்லை.

மட்டக்களப்பு, மருத்துவர்:

இக்கலந்துரையாடல் எனக்கும் வேலை தருகிறது. வலிப்புநோய்க் கிளினிக்கிற்கு வருவோருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘கண்’, ‘காண்’, ‘காட்சி’ ஆகிய அடிகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஒரு கண் பார்த்த செய்தி மற்றையதை விடச் சற்றுத் தாமதித்து மூளையை அடைவதால் இரண்டாவது பார்வை பழையதுபோல் தோன்றுகிறது என்றொரு பழைய கருத்து உண்டு. ஆனால் பார்வையற்ற ஒருவருக்குக் கேட்டலாலும் தொடுகையாலும் மணத்தாலும் இவ்வுணர்வு ஏற்பட்டதை ஓ’கொனர், மூலன் ஆகிய ஆய்வாளர்கள் 2006 இல் பதிவுசெய்தனர். பார்வையற்றவருக்கும் வருவதை ‘முன்கண்டமை’ என்பது எப்படிப் பொருந்தும்?

நான் இதனை அன்றாடம் கேட்பது மூளையின் பொட்டுப்பகுதியில் தோன்றும் வலிப்பு உடையோரிடம்தான். வலிப்பு பரவுவதற்கு முன் சிலருக்கு வயிற்றிலிருந்து ஏதோ மேலெழுவது போலவும், இல்லாத மணம் வீசுவது போலவும், நடப்பதெல்லாம் ஏற்கெனவே நடந்தது போலவும் தோன்றும். மூளை அறுவைச் சிகிச்சையின்போது பென்பீல்ட் என்ற அறுவை மருத்துவர் பொட்டுப்பகுதியை மின்னால் தூண்டியபோதும் சிலரிடம் இது எழுந்தது. பிரான்சில் பார்த்தொலொமேய் குழுவினர் 2004 இல், நினைவோடு தொடர்புடைய மூளைப்பகுதியான ஹிப்போகம்பஸைத் தூண்டுவதை விட அதன் அருகிலுள்ள புறணியைத் தூண்டும்போதே இவ்வுணர்வு எளிதாக எழுவதைக் காட்டினர். பழகியது என்ற உணர்வுக்கும் முழு நினைவுக்கும் மூளையில் வெவ்வேறு வழிகள் உண்டு என்ற எண்ணத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. இவை ஒருபுறமிருக்க, நோயாளிக்கு இதனைச் சொல்ல ஒரு பெயர் இல்லாததால் பலர் எம்மிடம் சொல்வதேயில்லை. வீட்டில் சொன்னால் கோயிலுக்கோ ஓதிப்பார்க்கவோ கூட்டிச் செல்வர். அதே சமயம், எப்போதாவது இவ்வுணர்வு வருபவர் பயப்படத் தேவையில்லை என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். அடிக்கடி வருவதும், வந்தபின் சுயநினைவு தவறுவதும், வாய் தானாக மெல்லுவதுமே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டொக்டர் அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. ‘காண்’ போகட்டும். ‘பிறப்பும்’ போகட்டும். ஆனால் ‘பழ’ என்னும் அடியை விட்டுவிடாதீர்கள். பழம், பழமை, பழகு, பழக்கம் யாவும் ஓரடியில் முளைத்தவை என்பது என் கருத்து. கனிந்ததே பழம், காலத்தாற் கனிந்தது பழமை, ஒருவரோடொருவர் கனிந்துவருதல் பழகுதல். வள்ளுவர் நெடுநாள் நட்பின் உரிமைக்கே ‘பழைமை’ என்று ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். மற்றோரிடத்தில் ‘புணர்ச்சி பழகுதல் வேண்டா உணர்ச்சிதான் நட்பாங் கிழமை தரும்’ என்கிறார். பழகாமலே பழகிய உரிமையைத் தருவது உணர்ச்சி என்றால், அது தேஜா வூவின் இலக்கணம் அன்றி வேறென்ன? பரிமேலழகர் அவ்விடத்தில், நேரிற் பழகாமலே நண்பரான கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் காட்டுகிறார். எனவே ‘பழகுமயக்கம்’ என்று முன்மொழிகிறேன். மயக்கம் என்பது இங்கே ஒன்று மற்றொன்றோடு கலத்தல். தொல்காப்பியத்தில் ‘வேற்றுமை மயங்கியல்’ என்று ஓர் இயலே உண்டு.

மட்டக்களப்பு, மருத்துவர்:

மாஸ்டர், வார்டில் மயக்கம் என்றால் விழுந்துவிடுவது. ‘உங்களுக்குப் பழகுமயக்கம் வருவதுண்டா?’ என்று கேட்டால், ‘இல்லை டொக்டர், நான் ஒருநாளும் மயங்கி விழவில்லை’ என்றே விடை வரும். வலிப்பு நோயாளியிடம் அந்தக் குழப்பம் ஆபத்தானது.

சம்மாந்துறை, உயர்தர வகுப்பு ஆசிரியர்:

என் மாணவர்கள் அதனை மதுப்பழக்கத்தால் வரும் மயக்கம் என்று விடைத்தாளில் எழுதுவார்கள்.

கல்லடி, மொழிபெயர்ப்பாளர்:

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனது முதல் எண்ணம் ஒலிபெயர்ப்பு. ‘டெஜா வூ’ என்று நம்மவர் எழுதுவது ஆங்கில டகரப் பழக்கத்தால் வந்தது. பிரெஞ்சு ஒலி பல்லொலியாதலால் தகரமே சரி. ஆயினும் டகரம் மொழிக்கு முதலாகாது என்றால் வகரமும் ஊகாரத்தோடு முதலாகாது. ‘உ ஊ ஒ ஓ அலவொடு வம்முதல்’ என்பது நன்னூல். ஆகவே எப்படி எழுதினாலும் ஏதோ ஒரு சூத்திரம் நம்மைத் தடுக்கிறது. மாணவர் ஏற்கெனவே அறிந்த சொல் அதுதான் என்பதை மறுக்கவும் முடியாது.

தமிழ்ச் சொல்தான் வேண்டுமென்றால், ‘முன்’ என்ற முன்னொட்டைப் பற்றி யாரும் இன்னும் வினவாதது எனக்கு வியப்பு. நன்னூலில் ‘இயல்பினும் விதியினும் நின்ற உயிர்முன் கசதப மிகும்’ என்னுமிடத்தில், ‘உயிர்முன்’ என்றால் உயிரை அடுத்து வருவது என்று பொருள். காலத்தில் முன் என்பது கழிந்தது. இடத்தில் முன் என்பது எதிரே வரவிருப்பது. ‘முன்னறிவிப்பு’, ‘முன்னெச்சரிக்கை’ முதலிய சொற்களோடு வளர்ந்த மாணவன் ‘முன்னுணர்வு’ என்றதும் வருவதை அறிதல் என்றே கொள்வான்.

வந்தாறுமூலை, உளவியல் விரிவுரையாளர்:

அந்தக் குழப்பம் இவ்வனுபவத்துக்கு உள்ளேயும் இருப்பதால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தேஜா வூ எழும்போது ‘அடுத்து என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும்’ என்று பலருக்குத் தோன்றுகிறது. கிளியரியும் ஒரு சக ஆய்வாளரும் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், பாதை அடுத்து எப்பக்கம் திரும்பும் என்று அந்நிலையில் இருந்தோர் ஊகித்தது, குருட்டாம்போக்கில் சொல்வதை விட மேலாக இருக்கவில்லை. வருவதை அறிந்தோம் என்ற உணர்வு மட்டுமே அவர்களிடம் மிகுந்திருந்தது. ஆகவே ‘முன்’ வேண்டாம் என்பதை நானும் வழிமொழிகிறேன்.

இதன் எதிர்நிலைக்கும் சொல் வேண்டும். நன்கு பழகிய ஒன்று திடீரென அந்நியமாகத் தோன்றுவதைப் பிரெஞ்சில் ‘ஜமே வூ’ என்பர். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதச் செய்து அதனை ஆய்வுகூடத்தில் வரவழைத்ததற்காக மூலன் உள்ளிட்ட குழுவினருக்கு 2023 இல் சிரிக்கவைத்துச் சிந்திக்கத் தூண்டும் இக் நொபெல் பரிசு கிடைத்தது. இம்மடல்களில் ‘மயக்கம்’ என்ற சொல்லைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது இப்போதே வந்துவிட்டது.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

எதிர்நிலைக்கு அலைய வேண்டாம். ‘கண்டறியாதன கண்டேன்’ என்று திருவையாற்றில் அப்பர் பாடினார். ‘கண்டறியாமை’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு, மருத்துவர்:

‘காண்’ அங்கே இருந்தாலும், ‘கண்டறியாத’ என்பது வழக்கில் ‘அனுபவித்திராத’ என்றே பொருள்படுவதால் எனக்கு மறுப்பில்லை.

சம்மாந்துறை, உயர்தர வகுப்பு ஆசிரியர்:

எனக்கும் உடன்பாடே. கேட்ட சொல்லை விட்டுவிட்டு உடன்வந்த சொல்லில் எல்லோரும் ஒன்றுபட்டுவிட்டோம்.

கேட்ட சொல்லுக்கு என் பரிந்துரை இது. நம் பக்கத்தில் இவ்வுணர்வு வந்தால் என்ன சொல்கிறோம்? ‘முந்தி நடந்த மாதிரி இரிக்கி’, ‘தெரிஞ்ச மாதிரி இரிக்கி’ என்கிறோம். அந்த ‘மாதிரி’யில்தான் விரிவுரையாளர் கேட்ட இரண்டாவது கூறு, அதாவது உண்மையில் அப்படி இல்லை என்ற அறிவு, அடங்கியிருக்கிறது. அதனை எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் ‘தெரிந்தாற்போன்மை’ வருகிறது. கண் இல்லை, முன் இல்லை, மயக்கம் இல்லை, பிறவியும் ரூஹும் இல்லை. ‘ஏற்கெனவே வாழ்ந்தது’ என்று பிரெஞ்சில் தனியே பிரிப்பதற்கும் ‘வாழ்ந்தாற்போன்மை’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தெரிதல் என்றால் ஆராய்ந்து கொள்ளுதல். தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று திருக்குறளில் மூன்று அதிகாரத் தலைப்புகள் உள்ளன. மூன்றிலும் அதுவே பொருள். நொடிப்பொழுதில், ஆராய்வதற்கு இடங்கொடாமல் வந்துபோகும் ஓர் உணர்வுக்கு, ஆராய்தலைக் குறிக்கும் வினையை அடியாக வைப்பது தலைகீழானது. அன்றியும் ‘ற்போன்மை’ என்று முடியும் சொல்லைப் பதினெட்டு வயதுப் பிள்ளை வாயால் சொல்லுமா?

கல்லடி, மொழிபெயர்ப்பாளர்:

இன்று அச்சொல்லுக்கு அப்பொருள் இல்லை, மாஸ்டர். ‘எனக்குத் தெரியாது’ என்பவர் ஆராயவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாயில் நுழையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் வாக்கு இன்னமும் ‘தேஜா வூ’வுக்கே.

மட்டக்களப்பு, மருத்துவர்:

துண்டுப்பிரசுரத்தில் கலைச்சொல் எதனையும் போடப் போவதில்லை. ‘இப்போது நடப்பது முன்பும் நடந்தது போலத் திடீரெனத் தோன்றுகிறதா?’ என்று வினாவாகவே எழுதுகிறேன். நோயாளி ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல எனக்கு அது போதும். பாடக்குறிப்புக்கு என்றால் ‘தெரிந்தாற்போன்மை’க்கு வாக்களிக்கிறேன்.

வந்தாறுமூலை, உளவியல் விரிவுரையாளர்:

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு. பாடக்குறிப்பில் முதலில் வருமிடத்தில் ‘தெரிந்தாற்போன்மை அல்லது தேஜா வூ’ என்றும், அதன்பின் ‘தெரிந்தாற்போன்மை’ என்று மட்டும் எழுதிவிட்டேன். எதிர்நிலைக்குக் ‘கண்டறியாமை’. வாழ்வில் ஒருமுறையேனும் இவ்வுணர்வைப் பெற்றோர் ஏறத்தாழ மூன்றில் இருவர் என்பதையும், இளவயதில் மிகுந்து வயது ஏற ஏறக் குறைகிறது என்பதையும் அலன் பிரவுன் 2003 இல் தொகுத்த மீளாய்விலிருந்து சேர்த்திருக்கிறேன். களைப்பும் மனவழுத்தமும் இதனைக் கூட்டக்கூடும் என்ற வரியும் உண்டு.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளை, அச்சிடுங்கள், தடுக்கவில்லை. வயது ஏறக் குறைகிறது என்பது என்னளவில் மெய். எனக்கு அது வந்து பல்லாண்டாகிறது. ஆனால் சொல்லை நான் ஏற்கவில்லை என்பதை இக்குழுமத்தின் பதிவில் வைத்துவிடுங்கள். மயக்கம் ஆகாது என்று டொக்டர் சொல்வதால் ‘பழகுதோற்றம்’ என்று மாற்றித் தருகிறேன். பிற்சேர்க்கையிலுள்ள சொற்பட்டியலில் பகர வரிசையில் அதற்கும் ஓர் இடம் கொடுத்து, ‘தெரிந்தாற்போன்மை காண்க’ என்றாவது குறித்துவிடுங்கள். பகர வரிசையில் இன்னும் இடமிருக்கும் என்று நினைக்கிறேன்.