மறு: 'லாஸ்ட் மைல்' தமிழில் – கடைமடை?

நண்பர்களுக்கு வணக்கம். இணைய இணைப்பு பாவனையாளரைச் சென்றடைகிற கடைசித் துண்டை ஆங்கிலத்தில் 'லாஸ்ட் மைல்' என்கிறார்கள். எங்கள் கலைச்சொல் பட்டியலுக்கு அதற்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்ற பேச்சுக்கு இது என் பதில். முதலில் ஓர் அண்ணா எழுதியது:

> கடைசிக் கட்டை என்றே போடலாமே. வன்னியில் மைலைக் கட்டை என்றுதானே சொல்கிறோம்.

கட்டை நல்ல சொல்தான் அண்ணா. ஏ9 வீதியில் 155ஆம் கட்டை என்றால் கிளிநொச்சிக்காரர் யாருக்கும் இடம் விளங்கும். ஆனால் 'கடைசிக் கட்டை' என்று சுற்றறிக்கையில் எழுதினால், இணைய இணைப்பைப் பற்றிச் சொல்கிறார்களா சுடலை விறகைப் பற்றிச் சொல்கிறார்களா என்று சனம் கேட்கும். 'கட்டையில போவான்' என்று திட்டுகிற ஊர் எங்களுடையது.

நேரே மொழிபெயர்த்த 'இறுதி மைல்' எனக்கு ஒட்டவில்லை. ரவரிலிருந்தோ (கைத்தொலைபேசிக் கோபுரம்) தொலைபேசி நிலையத்திலிருந்தோ பாவனையாளர் வீடு வரைக்கும் உள்ள துண்டைத்தான் லாஸ்ட் மைல் என்கிறார்கள். அது நானூறு மீற்றராகவும் இருக்கலாம், ஏழு கிலோமீற்றராகவும் இருக்கலாம். மைலுக்கு அங்கே வேலையில்லை.

என் முன்மொழிவு கடைமடை, பாசன வாய்க்காலின் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம். காவிரிப் பக்கச் செய்திகளில் தினம் அடிபடுகிற சொல். மன்னார்த் தம்பி "அது இந்தியச் சொல், இங்கே துருசு (குளத்து மதகு), வாய்க்கால் என்றுதான் கதைப்பார்கள், மடை என்றால் கோயிலில் வைக்கிற மடை" என்று எழுதியிருந்தார். பாதி சரி. வற்றாப்பளைப் பொங்கல் காலத்தில் முல்லைத்தீவில் மடை என்றால் அம்மனுக்கு வைக்கிற மடைதான் நினைவுக்கு வரும். ஆனால் வயல்காரரிடம் மடை திறந்துவிடுவது என்றால் தண்ணீர்தான். இரணைமடு வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவருக்குக் கடைமடை என்ற சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை. தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் தன் முறை வரும்போது வாய்க்காலில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

சொல் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தூரத்தில் இருக்கிற போனோடு ரவர் மெதுவாகத்தான் பேச முடியும், அதே படத்தை அனுப்ப அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். பின்னேரம் ரவரடி வீடுகளெல்லாம் யூடியூப்பைத் திறந்துவிட்டால், தொங்கலில் இருக்கிறவருக்கு முதலே மெலிந்த வேகம் இன்னும் மெலியும். தூரம் மட்டுமல்ல, பங்கும் குறைகிறது. மைல் என்ற சொல்லில் இந்தப் பங்குக் கணக்கு இல்லை. மடையில் இருக்கிறது.

2009க்கு முன் வன்னியின் பெரும்பகுதியில் கைத்தொலைபேசிச் சேவையே இல்லை. இன்று ஏ9 ஓரமாகப் போனால் குறை சொல்ல அதிகம் இல்லை. துணுக்காய்ப் பக்கம் உள்ளே இறங்கினால்தான் குளக்கட்டில் ஏறி நின்று போன் கதைக்கிறவர்களைப் பார்க்கலாம்.

சரி, சேவைகளுக்கும் இந்தச் சொல் பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தபோது லாண்ட்மாஸ்டர்காரர் (இருசில்லு உழவு இயந்திரம் வைத்திருப்பவர்கள்) பலர் சந்திக் கொமினிகேசனுக்கு, அதாவது தொலைபேசி, அச்சு வேலைகள் செய்து கொடுக்கிற கடைக்கு, வந்துதான் பதிந்தார்கள். கடைக்காரர் ஆளுடைய போனை வாங்கி மேசையில் வைப்பார், ஓடிபி வரும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், வந்ததும் கியூஆரை அச்சடித்து லாமினேற் பண்ணிக் கொடுப்பார். கொழும்பில் செயலியாகப் புறப்பட்டது இங்கே சட்டைப்பை மட்டையாக வந்து சேர்ந்தது. அந்தக் கொமினிகேசனைக் கடைமடைச் சேவையகம் என்று தாராளமாகச் சொல்லலாம். 'சேவையகம்' சேர்வருக்குப் போய்விட்டது என்று யாரோ சண்டைக்கு வரப்போகிறார்கள், அப்படியானால் கடைமடைச் சேவை நிலையம். கிராமங்களில் கணினியும் இணையமும் கிடைக்க அரசு தொடங்கிய நெனசல நிலையங்களை அமைத்ததும் இந்த வேலைக்குத்தானே. அத்திட்டத்துக்கு 2014இல் கேற்ஸ் அறக்கட்டளையின் விருதுகூடக் கிடைத்தது. விருது கிடைத்த திட்டத்துக்கும் தமிழில் ஒரு வகைப்பெயர் இல்லாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

செய்மதி வழியாக இணையம் தருகிற ஸ்ரார்லிங்கைப் பற்றியும் கேள்வி வந்தது. 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது, கூரையில் தட்டு வைத்தால் நேரே வானத்தோடு தொடர்பு, அங்கே மடை எங்கே என்று. ஸ்ரார்லிங் வைப்பவர் வாய்க்காலே வேண்டாம் என்று கிணறு வெட்டியவர். கிணறு வெட்டக் காசுள்ளவர்களுக்காகக் கலைச்சொல்லை மாற்ற வேண்டுமா?

இதிலிருந்து பிரித்துப் பேச வேண்டிய இன்னொன்று பேக்ஹோல், அதாவது ரவருக்கே இணையத்தைக் கொண்டுவருகிற இணைப்பு. ஒட்டுசுட்டான் பக்கம் போனில் சிக்னல் நாலு கோடும் நிற்கும், வாட்ஸ்அப்பில் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். சனம் இதையும் "கவரேஜ் இல்லை" என்றுதான் சொல்லும். இது பெரும்பாலும் கடைமடைக் கோளாறு அல்ல. போனுக்கும் ரவருக்கும் நடுவில் பிரச்சினை இல்லை, ரவருக்கு வந்து சேர்கிற மைக்ரோவேவ் இணைப்பு அத்தனை பேருக்கும் காணாது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இல்லாவிட்டால், கிராமத்திலிருந்து எழுதுகிற முறைப்பாட்டில் என்ன கேட்பது? இன்னொரு ரவர் கேட்பார்கள். அதுவும் அதே மெல்லிய இணைப்பில் வந்து தொங்கும். ஃபைபர் கேட்க வேண்டிய இடம் அது.

பேக்ஹோலுக்கு 'ஊட்டிணைப்பு' என்று வைக்கிறேன், ரவருக்கு ஊட்டுகிற இணைப்பு. வாயில் கொஞ்சம் முட்டுகிறது, ஒத்துக்கொள்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் போடுங்கள், அப்புறம் பட்டியலை மூடிவிடலாம். 'பின்னிணைப்பு' மட்டும் வேண்டாம், அது புத்தகத்தின் கடைசியில் ஏற்கெனவே இருக்கிறது.