காப்பீடு இருந்தும் அலைந்தீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

சென்னிமலைக்காரி:
அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) இடுப்பெலும்பு முறிந்து, கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிற தைரியத்தில்தான் போனோம். கவுண்டரில் கைரேகை கேட்டார்கள். காலமெல்லாம் தறியில் கிடந்த கை, ரேகை எங்கே இருக்கும்? அந்தப் பையனும் பெருவிரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தான். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அம்மிச்சி, "ஏங்கண்ணு, நாந்தான்னு வேற எப்படிச் சொல்றது?" என்றார். முன்பணம் கட்டித்தான் சேர்த்தார்கள். காப்பீட்டு அனுமதி பிறகு வந்தது. கட்டிய பணம் திரும்பி வந்தபாடில்லை.

திருப்பூர் செக்கிங்:
உங்களுக்கு அட்டையாவது இருக்குதுங்க. நான் பனியன் கம்பெனி. சீசனில் ஓவர்டைம் சேர்ந்து மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டியதும் ஈஎஸ்ஐயிலிருந்து, அதுதான் தொழிலாளர் காப்பீட்டிலிருந்து, என்னை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரிக்குப் பித்தப்பைக் கல், ஆபரேஷனுக்குத் தேதி கேட்கப் போன இடத்தில்தான் தெரிந்தது. சரி, முதல்வர் காப்பீட்டுக்குப் போவோம் என்றால் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டுமாம். நடுவில் நிற்கிறவன் எங்கே போவான்?

ஈரோடு பி.எஃப். கிளார்க்:
தம்பி, உங்களைக் கம்பெனி ஏமாற்றியிருக்கிறது. 21,000 வரம்புக்கு ஓவர்டைமைச் சேர்க்கவே கூடாது. சம்பளமே ஏறினாலும் நடுவில் எடுக்க முடியாது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு பருவம். தொடங்கிய பருவம் முடியும்வரை சம்பளத்தில் உங்களிடம் 0.75 சதவீதம், கம்பெனியிடம் 3.25 சதவீதம் சந்தா பிடித்தாக வேண்டும். சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு ஈஎஸ்ஐ கிளை அலுவலகம் போங்கள். வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள். எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது, மனு கொடுத்துத்தான் சரியானது.

காங்கேயம் தோட்டத்துச் சாளை:
எல்லாமே மோசம் என்று எழுதாதீர்கள். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு அப்பாருக்கு (தாத்தா) சர்க்கரை மாத்திரை சாளைக்கே, தோட்டத்து வீட்டுக்கே, வருகிறது. ஒருநாள் மாத்திரை கொண்டுவரும் அக்கா பையைத் திண்ணையில் வைத்துவிட்டு அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலுக்கு அடியில் புண். வலி தெரியாததால் அவர் சொல்லவே இல்லை. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம், கால் தப்பியது. அந்த அக்காவுக்குக் கிடைப்பதோ வெறும் ஊக்கத்தொகை. அதைப் பற்றி யாராவது பேசுங்கள்.

திருப்பூர் செக்கிங்:
ஈரோட்டு அண்ணா, சீட்டை எடுத்துப் பார்த்தேனுங்க. ஓவர்டைம் என்று தனியாக இல்லை, 'இதர அலவன்ஸ்' என்று போட்டிருக்கிறார்கள். இது அந்த 21,000 கணக்கில் சேருமா, சேராதா?