எந்த டேர்போ போடுவது? அறுவடைக்கு முன் லொறி ஓட வேண்டும்

கொக்காவில் லொறி: வணக்கம். லொறி எஞ்சினைப் புதிதாகக் கட்டியிருக்கிறேன். இழுவை கூட, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டேர்போ போட வேண்டும், எது நல்லது? பெரிய லொறியில் கழற்றிய ஒன்று கையில் இருக்கிறது, வாய் என் உள்ளங்கை அகலம். பெரும்போக அறுவடைக்கு 3 கிழமைதான். விரைவாகச் சொல்லுங்கள்.

பரந்தன் சந்தி: என்ன எஞ்சின் தம்பி? எத்தனை லீட்டர்? டேர்போ இல்லாமல் இப்போது ஓடுகிறதா?

நட்டும் போல்ட்டும்: டேர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் உண்டா? என்ன பாரம் ஏற்றுவீர்கள்? எஞ்சினை நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் ஓட்டுவீர்கள்?

பழைய கராஜ்: மாட்டைக் காட்டாமல் மூக்கணாங்கயிறு கேட்கிறார். இதே கேள்விக்கு இங்கே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை.

கொக்காவில் லொறி: மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். மிட்சுபிஷி 4டி33 டீசல் எஞ்சின். பிளாக் ஒரு கன்டர் லொறியுடையது, ஹெட் இன்னொன்றுடையது. சிலிண்டரைக் குடைந்து (போர் செய்து) புதுப் பிஸ்டன் போட்டேன். 14 அடி லொறி, நெல்லும் சில நாள் கிரவலும் ஏற்றுவேன். 2,800 சுற்றுக்கு மேல் மிதிப்பதில்லை. இன்டர்கூலர் இல்லை. ஓடுகிறது, ஆனால் இழுவை போதாது. டீசல் பம்பைக் கொஞ்சம் கூட்டினேன், கரும்புகை.

வவுனிக்குளம்: கரும்புகை என்றால் இன்ஜெக்டர்தான். முதலில் கழற்றிச் சோதியுங்கள், டேர்போ பிறகு.

பரந்தன் சந்தி: அண்ணை, அவரே பம்பைக் கூட்டியதாகச் சொல்கிறார். டீசல் கூடியது, காற்றுக் கூடவில்லை, அதனால் புகை. கொக்காவில் தம்பி, கணக்கைப் பாருங்கள். 4டி33 என்றால் 4,214 சிசி. இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் மூச்சு இழுக்கும். 2,800 சுற்றில் நிமிடத்துக்கு 5.9 கன மீட்டர், 85 வீதம் நிரம்பும் என்று வைத்தால் 5. அதன்மேல் டேர்போ 10 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல்) ஏற்றினால் அழுத்தம் வெளிக்காற்றைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்கு. இன்டர்கூலர் போட்டு 60 பாகைக்குக் குளிரவைத்தால் நிமிடத்துக்கு 9 கிலோ காற்று. இந்த 9 கிலோவை, டேர்போ செய்பவர் தரும் காற்றளவு வரைபடத்தின் நடுப்பகுதியில் வைத்திருக்கும் டேர்போதான் உங்களுக்கு வேண்டும். கையில் இருப்பது இரண்டு மடங்கு பெரிய எஞ்சினுக்கானதாக இருக்கும். வயல் வரம்பிலிருந்து மூட்டையோடு ஏறும்போது 1,500 சுற்று, அங்கே 5 கிலோ கூட வராது. அந்தச் சக்கரம் தூங்கிக்கொண்டிருக்கும்.

பழைய கராஜ்: கணக்கு சரி, வழி சுற்று. 4டி34 டேர்போ எஞ்சின் 3,907 சிசி, காற்றுத் தேவை கிட்டத்தட்ட இதேதான். அதன் டேர்போவையும் அது பொருந்தும் புகைக்குழாய் மனிபோல்டையும் சேர்த்து எடுங்கள், துளைகளை அளந்து பார்த்துப் பொருத்துங்கள். டேர்போவுக்கென்று செய்த எஞ்சினில் கம்பெனிக்காரன் சிலிண்டரைச் சிறிதாக்கினான், 108 மில்லிமீட்டரை 104 ஆக்கினான். நீங்கள் போர் செய்து இன்னும் பெரிதாக்கியிருக்கிறீர்கள். 10 பி.எஸ்.ஐயைத் தாண்டாதீர்கள்.

நட்டும் போல்ட்டும்: இன்டர்கூலர் இல்லாமல் நமது 35 பாகை வெயிலில் 10 பி.எஸ்.ஐ என்றால் உள்ளே போகும் காற்று 100 பாகையைத் தாண்டும். சைலன்சர் பக்கம், டேர்போவுக்கு முன்னால், ஒரு வெப்பமானி போடுங்கள். 700 பாகையைத் தொட்டால் காலை எடுங்கள். கிரவல் ஏற்றுபவர் காற்று வடிகட்டியையும் கவனிக்க வேண்டும். நெடுங்கேணிப் பக்கம் ஓடிய ஒரு டேர்போவைத் திறந்தேன், சக்கரத்தின் இதழ் நுனிகள் தேய்ந்து பிளேடுபோல் மெலிந்திருந்தன. வடிகட்டிக்குப் பின்னால் ரப்பர் குழாயில் ஒரு விரல் வெடிப்பு.

புளியமரத்தடி: போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது டேர்போவா கண்டோம்? மண்ணெண்ணெயிலேயே எல்லாம் ஓட்டினோம். இன்று ஒரு மூட்டை கூட ஏற்ற ஆயிரம் பாகம் வேண்டியிருக்கிறது.

பழைய கராஜ்: ஐயா, நீங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டியது பெட்ரோல் மோட்டார் சைக்கிள். டீசல் பம்பின் பிளஞ்சருக்கு, அதாவது டீசலைத் தள்ளும் தண்டுக்கு, டீசல்தான் மசகு. மண்ணெண்ணெய் விட்டால் அரைத்துவிடும்.

புளியமரத்தடி: தம்பி பிறப்பதற்கு முன் நான் லேலண்ட் டீசல் லொறியை ஓட்டியிருக்கிறேன். மண்ணெண்ணெயோடு கொஞ்சம் எஞ்சின் ஒயிலும் கலந்தோம். பம்ப் அரைக்கவில்லை.

வவுனிக்குளம்: உண்மை. மோட்டார் சைக்கிளுக்குச் சிறு போத்தலில் பெட்ரோல் வைத்து, கார்புரேட்டருக்குள் ஊதிவிட்டுத்தான் உதைப்போம். பிடித்ததும் மண்ணெண்ணெய். பின்னால் வருபவர் கண்ணைத் திறக்க முடியாது.

பழைய கராஜ்: ஒயில் கலந்ததால்தான் அரைக்கவில்லை. நான் சொன்னதையே நீங்களும் சொல்கிறீர்கள்.

புளியமரத்தடி: நீங்கள் சொன்னது விட்டால் அரைக்கும் என்று. நான் சொல்வது விட்டோம், ஓடியது என்று.

பரந்தன் சந்தி: இதற்குத் தனி இழை திறக்கலாம். கொக்காவில் தம்பி இருக்கிறாரா?

நட்டும் போல்ட்டும்: போயிருப்பார், நெல் விழுந்திருக்கும்.

கொக்காவில் லொறி: மன்னிக்கவும், வயலில் நின்றேன். பெரியதை விற்றுவிட்டேன், 4டி34 உடையது போட்டாகிவிட்டது. 9 பி.எஸ்.ஐ காட்டுகிறது, கரும்புகை போய்விட்டது. நேற்று ஒட்டுசுட்டானிலிருந்து 70 மூட்டையோடு வந்தேன், மூன்றாம் கியரை மாற்றத் தேவையிருக்கவில்லை. ஆனால் நிறுத்தி வைத்து ஓடவிட்டால் நீலப்புகை வருகிறது. நன்றி.

பரந்தன் சந்தி: நீலப்புகை என்றால் ஒயில் எரிகிறது. டேர்போவிலிருந்து ஒயில் இறங்கும் குழாய், எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்பில் எந்த உயரத்தில் போகிறது? ஒயில் மட்டத்துக்கு மேலேயா, கீழேயா? குழாயில் எங்காவது தொய்வு இருக்கிறதா?

பழைய கராஜ்: கீழே விட்டிருப்பார்.

பரந்தன் சந்தி: தம்பி, ஒரு படம் போடுங்கள்.