வன்னி வெயிலில் பழைய கார் கொதித்த கதைகள்

கேம்பிரிட்ஜ்காரன்

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனபோது நடந்தது. முள்ளியவளையைத் தாண்டியதும் வாகனங்கள் அடியடியாகத்தான் நகர்ந்தன. கார் ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜ். பெரியப்பாவிடமிருந்து அப்பாவுக்கு வந்து, இப்போது என் கையில். வோட்டர் பம்ப் புதிது, ஹோஸ் புதிது, ஃபான் பெல்ற் புதிது. ஆனாலும் கொதித்தது. பொனற் இடுக்கால் ஆவி வர, ஒரு பாலை மரத்தின் கீழ் ஒதுக்கினோம்.

மச்சான் துவாயைச் சுருட்டிக்கொண்டு ரேடியேற்றர் மூடியைத் திருகப் போனான். கோவிலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த சனத்துக்குள்ளிருந்து ஒரு வயதானவர் விறுவிறென்று வந்து அவன் கையைப் பிடித்துவிட்டார். "ஆறட்டும் தம்பி. முகத்தில அடிச்சா கண் போயிடும்."

பிறகு அவர் செய்ததுதான் இன்னும் மனதில் நிற்கிறது. சூடு கொஞ்சம் தணிந்ததும் உள்ளங்கையை ரேடியேற்றரின் கோரில், அதாவது தண்ணீர் ஓடும் குழாய்க் கூட்டத்தில், வைத்து, மேலிருந்து கீழாகவும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாகவும் மெதுவாகத் தடவினார். ஓரிடத்தில் நிறுத்தி என் கையை இழுத்து வைத்தார். வலப்பக்கம் சுடுகிறது. அதே உயரத்தில் இடப்பக்கம் சுடவில்லை. மூலையில் ஒரு பெரிய பட்டை அப்படியே குளிர்ந்து கிடந்தது. "இவ்வளவுக்கும் தண்ணி போகேல்லை. அடைச்சுப் போச்சு."

போக வெளிக்கிட்டவர் திரும்பி, குனிந்து, சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூற்றர் பக்கம் பார்த்தார். "இது மண்ணெண்ணெயில ஓடின காரோ?" பெரியப்பா காலத்தில் ஓடியது என்றேன். "அதுதானே" என்றார். சனத்தோடு சனமாகப் போய்விட்டார்.

வவுனியாவில் ஒரு கடையில் மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் ஈயம் உருக்கிக் கழற்றி, குழாய் குழாயாகக் கம்பி விட்டார்கள். கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு வெள்ளைக் கல்லாகக் கொட்டியது. இப்போது முன்பு போல இல்லை. ஆனால் ஆட்கள் நிறைய ஏறினால் இன்னமும் சூடு ஏறத்தான் செய்கிறது. அவர் "அதுதானே" என்றது எதை?

மைனர் தம்பி

என்னுடையதைக் கேட்டால் சிரிப்பீர்கள். மொறிஸ் மைனர் 1000. சூடு காட்டும் மீற்றர் அதில் கிடையாது, மணத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கரைச்சல் வேண்டாம் என்று ரேடியேற்றருக்குப் பின்னால் ஒரு கரண்ட் ஃபான் பூட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் கரைச்சலே தொடங்கியது. நின்றாலும் கொதி, ஓடினாலும் கொதி.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைக்க நிறுத்தினோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கச்சான் விற்கும் அக்கா ஒருவர் சரை சுற்றும் பேப்பர்க் கட்டை எங்கள் காருக்கு முன்னால் வைத்திருந்தார். அத்தனையும் பறந்து ஏ9 வீதி முழுக்கப் போனது. அவர் பேப்பரைப் பொறுக்கிக்கொண்டே கத்தினார்: "தம்பி, உங்கட கார் ஏன் ஊதுது?"

கார் முன்பக்கத்தால் காற்றை இழுக்க வேண்டும். என்னுடையது வெளியே ஊதியிருக்கிறது. இந்தக் கார்களில் பற்றறியின் பொசிற்றிவ் பக்கம்தான் பொடியில், அதாவது காரின் இரும்பு உடலில், எர்த். இப்போதைய கார்களுக்கு நேர் எதிர். சிவப்பு வயரைக் கரண்டுக்கும் கறுப்பு வயரைப் பொடிக்கும் கொடுத்தால், நிரந்தரக் காந்தம் உள்ள மோட்டர் தலைகீழாகச் சுற்றும். ஓடும்போது முன்னால் வரும் காற்றோடு அது மல்லுக்கட்டும். இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்ததும் தீர்ந்தது. அந்த அக்காவுக்கு ஒரு கட்டுப் பேப்பர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே காலம் போகிறது.

ஏ9 சாரதி

இதெல்லாம் எதற்கு? தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியுங்கோ, எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் மறிக்கும் அந்த வால்வை. குளிர் நாட்டுக்காரனுக்காக வைத்த சாமான் அது. ஓமந்தையிலிருந்து பளை வரைக்கும் அது இல்லாமல்தான் ஹயர் ஓடினேன். மாங்குளத்தில் ஒருமுறை கொதித்தது உண்மைதான், ஆனால் அது ஹோஸ் வெடித்து.

வவுனியா வாத்தி

சாரதி அண்ணை, மன்னிக்க வேணும், இதை அப்படியே விட ஏலாது.

என் கதை சின்னது. நெடுங்கேணி வீதியில் நெல்லறுப்பு நேரம், கார் கொதித்து நிற்க, ரேடியேற்றரின் முகம் முழுக்கப் பதரும் வைக்கோல் தூசியும். உள்ளே புதுக் கோர், வெளியே காற்றுப் போக வழியில்லை. ஒரு பெடியன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து தன் பழைய பல் தூரிகையால் தட்டிக் கொடுத்தான். அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஏ55 எஞ்சினில் தேர்மோஸ்ரற்றுக்குக் கீழே ஒரு சின்ன பைபாஸ் ஹோஸ் இருக்கிறது. எஞ்சின் குளிராக இருக்கும்போது தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமல் அதன் வழியே சுற்றும். பழைய வகைத் தேர்மோஸ்ரற்றில் ஒரு பாவாடை விளிம்பு உண்டு. அது திறக்கும்போது பைபாஸ் துளையை மூடிவிடும். முழுதாகக் கழற்றினால் துளை எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றரைப் பார்க்காமலே திரும்ப எஞ்சினுக்குள் போகும். கழற்றத்தான் வேண்டும் என்றால், அந்த இடத்தில் துளையை மறைக்கும் ஒரு வளையக் குழாயைப் போட வேண்டும். அதைவிட நல்லது, 82 பாகையில் திறப்பதை எடுத்துவிட்டு 74 பாகையில் திறப்பதைப் பூட்டுவது. சூடான நாடுகளுக்கு அதைத்தான் கொடுத்தார்கள்.

ரேடியேற்றர் மூடியும் முக்கியம். மைனர் 1000 இல் 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் மூடி. அது சரியாகப் பிடித்தால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ 111 வரை தாங்கும். ரப்பர் காய்ந்த மூடியோடு ஓடுகிறவர்கள் இந்த லாபத்தை முழுதாக இழக்கிறார்கள். அதற்காக 13 பி.எஸ்.ஐ. மூடியைப் போட வேண்டாம். பழைய ஈய ஒட்டு பிரிந்துவிடும்.

ரேடியேற்றரைச் சுத்தம் செய்கிறவர்கள் எஞ்சின் புளொக்கை மறந்துவிடுகிறார்கள். புளொக்கின் பின்பக்கம் தண்ணீர் இறக்கும் திருகு ஒன்று உண்டு. அதைக் கழற்றினால் பல கார்களில் ஒன்றும் வராது, ஏனென்றால் உள்ளே துருச்சேறு இறுகிக் கிடக்கும். அந்தச் சேறு சேர்வதே கடைசிச் சிலிண்டரைச் சுற்றித்தான். கம்பியால் குத்திக் குத்தி எடுங்கோ. பிறகு கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மாரியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரும், துருப் பிடிக்காமல் காக்கும் கூலன்ற்றும் போதும். கூலன்ற் கூடினால் நல்லது என்று நினைக்காதேங்கோ. சூட்டைத் தூக்கிச் செல்வதில் வெறும் தண்ணீர்தான் கெட்டிக்காரன்.

மைனர் தம்பிக்கும் ஒன்று: உங்கள் டைனமோ தருவதே 20 அம்பியர் சொச்சம். இரவில் லைற்றும் போட்டு அந்த ஃபானும் ஓடினால் பற்றறி இறங்கும். கவனம்.

மைனர் தம்பி

வாத்தி ஐயா, நான் கேட்கவே இல்லையே. ஆனால் இரவில் லைற் மங்குகிறது என்பது உண்மை.

மல்லாவிப் பிள்ளை

எனக்குக் காரைப் பற்றி அவ்வளவு தெரியாது. ஒன்றை மட்டும் எழுத வேண்டும்.

1996 இல் கிளிநொச்சியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட நேரம். சித்தப்பாவின் ஏ40 மண்ணெண்ணெயில் ஓடியது, பெற்றோல் கிடைக்காத போர்க்காலம், அப்போது எல்லாமே அப்படித்தானே. அக்கராயன் பக்கம் கார் கொதிக்கத் தொடங்கிவிட்டது. எஞ்சினை நிறுத்தினால் ஆறும். ஆனால் நிறுத்த முடியாது. ஆறிய எஞ்சினில் மண்ணெண்ணெய் பிடிக்காது, ஸ்ராட் பண்ணப் பெற்றோல் வேண்டும். பெற்றோல் போத்தலின் அடியில் ஒரு வாய் அளவுதான் இருந்தது. அதைச் சித்தப்பா யாருக்கும் காட்டாமல் சீற்றுக்குக் கீழே வைத்திருந்தார்.

கொதிக்கிற எஞ்சினை ஓட விட்டுக்கொண்டே நின்றோம். சித்தப்பா ஈரச் சாக்கை மூடியில் போட்டு, முதல் படிக்கு மட்டும் திருகிப் பொறுத்து, ஆவி போன பிறகு கழற்றினார். பின் சீற்றில் எங்களோடு வந்த ஒரு பெண், யார் என்று இன்றைக்கும் தெரியாது, தன் பிள்ளையின் சோற்றுப் பெட்டியைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினார். தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை. கலங்கல். அதைச் சீலைத் தலைப்பால் வடித்து வடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். சித்தப்பா ஒரேயடியாக ஊற்றவில்லை, நூல் மாதிரி ஊற்றினார். நானும் பிள்ளையும் வீதியில் கொட்டிய சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மல்லாவியில் அந்தப் பெண் இறங்கிப் போய்விட்டார். பெட்டி எங்கள் காரிலேயே இருந்தது.

ஏ9 சாரதி

பிள்ளை, உங்கள் சித்தப்பா கெட்டிக்காரன். ஓடுகிற எஞ்சினுக்கு மெல்ல ஊற்றினால் தண்ணீர் கலந்து போகும். நிறுத்திவிட்டுக் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றின பலர் ஹெட் வெடித்து நின்றதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த ஏ40 இலும் தேர்மோஸ்ரற் இருந்திருக்காது, பந்தயம்.

பரந்தன் கராச்

கேம்பிரிட்ஜ்காரன் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

2002 இல் பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்த பிறகு எங்கள் கராச்சுக்கு ஒரு கேம்பிரிட்ஜ் வந்தது. ரேடியேற்றர், பம்ப், கஸ்கற் எல்லாம் மாற்றியாகிவிட்டது, கொதி நிற்கவில்லை என்றார்கள். இரவு. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து பொனற்றைத் திறந்த அப்பா, லைற்றை நூரச் சொன்னார். இருட்டில், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸோஸ்ற் மனிபோல்ட் மங்கல் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நான் அப்படி அதற்கு முன் கண்டதில்லை.

மண்ணெண்ணெய் சீக்கிரம் நொக் பண்ணும், அதாவது சிலிண்டருக்குள் தானாகவே வெடித்துத் தட்டும் சத்தம் வரும். அதைத் தவிர்க்கத் தீப்பொறியைப் பிந்தி வைப்பார்கள், அதாவது டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். பெற்றோலுக்கு மாறிய பிறகும் பல கார்களில் அதை ஒருவரும் திருப்பி வைக்கவில்லை. பிந்திப் பற்றும் நெருப்பு எக்ஸோஸ்ற் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். வேலையாக மாற வேண்டிய சூடு சுவருக்கும் தண்ணீருக்கும் போகும். ஆள் கூடினால் இன்னும் மோசம். உங்கள் பெரியவர் டிஸ்ரிபியூற்றரைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

கேம்பிரிட்ஜ்காரன்

இப்போது போய்ப் பார்த்தேன். டிஸ்ரிபியூற்றர் பிடிக்கும் இடத்தில் உளியால் கீறிய இரண்டு கோடு இருக்கிறது. இப்போது நிற்பது இடப்பக்கக் கோட்டில். மற்றதுதான் பெற்றோலுக்கா?

பரந்தன் கராச்

கோட்டை நம்ப வேண்டாம், யார் எதற்குக் கீறினார்களோ. டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கோ. அதற்கு எதிர்ப்பக்கமாக டிஸ்ரிபியூற்றரின் பொடியைத் திருப்பினால் டைமிங் முந்தும். கொஞ்சம் கொஞ்சமாக முந்த வைத்து, ஆட்களை ஏற்றி மேல் கியரில் இழுத்துப் பாருங்கோ. நொக் சத்தம் வரத் தொடங்கினால் ஒரு மயிரிழை பின்னுக்கு எடுத்து இறுக்குங்கோ. டைமிங் பார்க்கும் லைற் இருந்தால் அதை வைத்துச் சரிபாருங்கோ.

வவுனியா வாத்தி

முந்த வைப்பதற்கு முதல் டிஸ்ரிபியூற்றருக்குள் திறந்து மூடும் பொயின்ற்றின் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். அது மாறினால் டைமிங்கும் மாறும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

ஏ9 சாரதி

வாத்தி, நீங்கள் விரிவாக எழுதி முடிக்க முதல் தம்பி யாழ்ப்பாணம் போய்த் திரும்பிவிடுவார். ரோட்டர் அந்த எஞ்சினில் இடஞ்சுழியாகச் சுற்றும், பொடியை வலப்பக்கம் திருப்பச் சொல்லுங்கோ, முடிந்தது. தேர்மோஸ்ரற்றையும் கழற்றுங்கோ.