முடி நட்டு 23 நாள்: விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தில் நிற்கலாமா?

ஹட்டன் விசில்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 37 வயது. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். டிசம்பர் 20ஆம் திகதி கொழும்பில் முடி நட்டுக்கொண்டேன். எஃப்.யூ.ஈ முறை, அதாவது பின்னந்தலையிலிருந்து முடியை வேரோடு சின்னச் சின்னக் கொத்தாக எடுத்து நடுவது. முன்நெற்றியிலும் நடு உச்சியிலும் அப்படி 2,400 கொத்து (கிராப்ட்). லீவிலேயே ஆறிவிடும் என்று கணக்குப் பார்த்துத்தான் அந்தத் திகதியை எடுத்தேன்.

இன்று 23ஆம் நாள். பொருக்கு 12ஆம் நாளோடு போய்விட்டது. நட்ட முடியும் இப்போது கொட்டத் தொடங்கிவிட்டது. அது வழமை என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதில் பயமில்லை. தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருக்கிறது. உச்சியில் விரலை வைத்தால் வேறு யாருடைய தலையையோ தொடுவது போல மரத்துக் கிடக்கிறது.

என் கவலை வெயில். பெப்ரவரி 2ஆம் வாரம் பாடசாலை இல்லங்களுக்கு (ஹவுஸ்) இடையிலான விளையாட்டுப் போட்டி. அடுத்த வாரம் பயிற்சி தொடங்குகிறது. காலை 7.30இலிருந்து 1.30 வரை நான் மைதானத்தில் நிற்க வேண்டும். எங்கள் மைதானம் மலையை வெட்டி எடுத்தது. ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் மண் திட்டு, மரம் என்று ஒன்று கூட இல்லை. சுண்ணாம்புக் கோடு போடுவதிலிருந்து நீளம் பாய்தல் குழி வெட்டுவது வரை நான்தான் குனிந்து நிற்பேன்.

கிளினிக்கில் தந்த தாளில் "3 மாதம் கடும் வெயிலைத் தவிர்க்கவும்" என்று இருக்கிறது. கொழும்பில் கடும் வெயில் என்றால் எதுவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே நான் காலையில் ஸ்வெட்டரோடுதான் மைதானத்துக்குப் போகிறேன். பத்து மணிக்கும் காற்று குளிர்கிறது. நம்ம ஊர் வெயில் அந்தக் கணக்கில் வருமா?

எந்த மாதிரித் தொப்பி போடலாம்? கொடி ஏற்றும்போதும் தேசிய கீதத்துக்கும் தொப்பியைக் கழற்ற வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? சன்ஸ்கிரீன் இப்போதே பூசலாமா? அம்மா நல்லெண்ணெய் வைத்தால் சூடு இறங்கும் என்று தினமும் சொல்கிறார். பாடசாலையில் அதிபருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். இதற்காக நான்கு வருடம் சீட்டுக் கட்டிக் காசு சேர்த்தேன். கவனக்குறைவால் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

லிந்துலை வெளிக்களம்

சேர், உங்கள் கேள்வியைப் படித்ததும் மற்ற வேலையை வைத்துவிட்டு எழுதுகிறேன். நம்ம ஊர் வெயில் அந்தக் கணக்கில் கட்டாயம் வரும். அது தெரியாமல் நான் பட்டதைச் சொல்கிறேன்.

நான் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். மூன்று வருடத்துக்கு முன், பெப்ரவரியில் நட்டேன். 19ஆம் நாள் வேலைக்குத் திரும்பினேன். அன்று கவ்வாத்து மலையை, அதாவது தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிட்ட மலையை, பார்க்க வேண்டியிருந்தது. கவ்வாத்து வெட்டிய மலையில் முழங்கால் உயரக் கட்டைதான் நிற்கும், நிழல் இருக்காது. காலையில் 16 பாகை இருக்கும், மேலே மெல்லிய மூட்டம். தொப்பி போட்டுத்தான் போனேன். காற்று அடித்து அது அசைய அசைய, கிராப்டில் உரசுமோ என்று பயந்து கழற்றிப் பையில் வைத்தேன். குளிரும் மூட்டமுமாக இருந்ததால் வெயில் என்ற நினைப்பே வரவில்லை. ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை அப்படியே நின்றேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சாயங்காலம் தலையைப் பார்த்த மனைவி அழுதுவிட்டாள். உச்சி முழுக்கச் செக்கச் சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம்.

ஏன் தெரியவில்லை என்று பிறகு வைத்தியர் விளக்கினார். வெயில் ஏறுகிறது என்று நமக்குச் சொல்வது இரண்டு விஷயம்: காற்றின் சூடு, தோலின் எரிச்சல். மலையில் காற்று குளிர்வதால் முதலாவது இல்லை. முடி நட்ட தலை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மரத்திருப்பதால் இரண்டாவதும் இல்லை. தோலைச் சுடுவது புற ஊதாக் கதிர். அதற்கும் காற்றின் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு அது 10 வீதத்துக்கு மேல் கூடுகிறது. ஹட்டன் 1,270 மீற்றர் அளவில் இருக்கிறது, நுவரெலியா 1,868. கொழும்பு கடல் மட்டத்தில். மெல்லிய மேகமும் அதில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடும். மூட்டம் போட்ட நாளை நிழலான நாள் என்று எடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நட்ட முடி கொட்டுகிறது என்கிறீர்கள். முடிதான் தலைத்தோலுக்கு நிழல். புது முடி முளைக்க மூன்று நான்கு மாதம், அதாவது மார்ச் கடைசி, ஏப்ரல் ஆகும். அதுவரைக்கும் உங்கள் உச்சி முன்னைவிட வெறுமையாகத்தான் இருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம்ம பக்கம் மழை குறைந்து வானம் வெளுத்துக் கிடக்கும். ஏப்ரல் முதல் பாதியில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். நட்ட தலைக்கு வருடத்திலேயே மோசமான நாட்கள் இவைதான்.

அதனால் உடம்பு சொல்வதைக் கேட்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். மைதானத்தில் ஒரு மீற்றர் கம்பை நேராக நடுங்கள். நிழல் கம்பைவிட நீளமாக இருக்கும் வரை வெயில் தாழ்வு. கம்பை விடக் குட்டையானால், குளிர் எவ்வளவு இருந்தாலும் அது கடும் வெயில். இந்த மாதத்தில் பத்து மணிக்குக் கொஞ்சம் முன்பே அந்த நேரம் வந்துவிடும், பெப்ரவரியில் இன்னும் முந்தும். சாயங்காலம் மூன்று மணியளவில்தான் நிழல் திரும்ப நீளும். கொடி ஏற்றுவது எட்டு, எட்டரைக்குத்தானே? அந்த மூன்று நிமிடத்துக்குப் பயப்பட வேண்டாம், கழற்றுங்கள்.

தொப்பி என்றால் சுற்றிவர நான்கு விரல் அகல விளிம்புள்ள துணித் தொப்பி, ஒரு அளவு பெரியதாக. கிரிக்கெட் காரர்கள் போடும் வெள்ளைத் தொப்பி மாதிரி. முன்னால் மட்டும் நீட்டிய கேப் உங்களுக்குச் சரிவராது. ஏனென்றால் நீங்கள் குனிந்து கோடு போடுகிறவர். குனிந்தால் வெயில் விழுவது பின்னந்தலையில். முடி எடுத்த இடம் அதுதான், அங்கேயும் ஆயிரக்கணக்கில் ஓட்டை போட்டு ஆறிய புதுத்தோல் இருக்கிறது. எல்லோரும் நட்ட இடத்தையே நினைக்கிறோம், எடுத்த இடத்தை மறந்துவிடுகிறோம். துணியை லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தால் வேண்டாம். வலை வைத்த தொப்பியும் வேண்டாம். தூறலில் நனைந்த பருத்தித் துணி இன்னும் அதிகமாகக் கதிரை விடும், ஆகவே மாற்றுத் தொப்பி ஒன்று பையில் இருக்கட்டும். நாடா வைத்து, தாடைக்குக் கீழே தளர்வாகக் கட்டிக்கொண்டால் காற்றுக்கு அசையாது. எனக்கு அன்று அந்த நாடா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்று சுட்ட இடம் கறுத்துப்போய், பழைய நிறத்துக்கு வர எட்டு மாதம் ஆனது. முடி முளைத்தது. ஆனால் அந்த எட்டு மாதமும் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொரு காலையும் மனம் என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும்.

வார்டு விளக்கு

நான் தாதி, மலையகத்தில்தான் வேலை. மேலே அண்ணன் எழுதியதோடு சில விஷயம் சேர்க்கிறேன்.

சேர், முதலில் உங்கள் மருந்துச் சீட்டைப் பாருங்கள். டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் தந்திருந்தால், அதைக் குடிக்கும் நாட்களில் தோல் வெயிலுக்குச் சாதாரணத்தைவிடச் சீக்கிரம் சுடும். 23 நாளில் முடிந்திருக்கும், இருந்தாலும் பாருங்கள்.

சன்ஸ்கிரீன் ஆறாத தோலில் பூசுவதில்லை. பொதுவாக ஒரு மாதம் கழித்து, பொருக்கோ ஈரமோ எதுவும் இல்லாமல், உங்களுக்கு நட்ட வைத்தியர் சரி என்ற பிறகுதான். ஃபோனில் தெளிவான படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள். போட்டி நாளுக்கு உங்களுக்கு ஏழு வாரம் தாண்டிவிடும், அப்போது பூசலாம் என்றே சொல்வார்கள். எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாமல், சின்க் ஒக்சைட் உள்ளது, மணம் சேர்க்காதது என்று பாமசியில் கேளுங்கள். வெளியே போக இருபது நிமிடத்துக்கு முன் விரல் நுனியால் ஒற்றி ஒற்றி வையுங்கள், தேய்க்க வேண்டாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மறுபடியும், வியர்த்தால் அதற்கு முன்பே. இரவில் மென்மையான ஷாம்புவால் கழுவி எடுத்துவிடுங்கள். பூசிவிட்டேன் என்று தொப்பியை விட்டுவிடாதீர்கள். முதலில் தொப்பி, அதற்குத் துணையாகத்தான் கிரீம்.

அம்மாவிடம் அன்பாகச் சொல்லுங்கள். எண்ணெய் வெயிலைத் தடுக்காது. தேய்க்கிற கையும், ஊறவைத்து அரப்பு போட்டுக் குளிப்பதும் இப்போது அந்தத் தோலுக்கு ஆகாது. எண்ணெய்க் குளியலை எப்போது தொடங்கலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

எங்கள் அம்மா 34 வருடம் கொழுந்து எடுத்தவர். கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து முதுகில் தொங்கவிடும் கயிறு இருந்த இடத்தில், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கை அகலத்துக்கு முடி போய்விட்டது. வேலையில் இருந்தவரை தலையில் துணி இருந்தது. ஓய்வெடுத்த பிறகு லயத்துக்கு முன்னால் இருக்கிற தோட்டத்தில் வெறுந்தலையோடு நின்று கோவா, லீக்ஸ் போடுகிறார். இப்போது அந்த ஒரு கை அகலத் தோல் மட்டும் கறுத்து, தடித்து, சொரசொரப்பாக இருக்கிறது. பக்கத்தில் முடி மூடிய இடம் வழுவழுப்பாக இருக்கிறது. ஒரே தலை, ஒரே வெயில். முடி இல்லாத தோல் எவ்வளவு தாங்கும் என்று நான் அம்மாவின் தலையைப் பார்த்துத்தான் படித்தேன். அவருக்கும் ஒரு அகலத் தொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன், போட மாட்டேன் என்கிறார். சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கொப்புளம், சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடுகிற சிவப்பு இவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள்.

பண்டாரவளை பைக்

ஹெல்மெட் பற்றி யாரும் சொல்லவில்லை. சேர் பைக்கில் போகிறவரா? வெயிலுக்கு ஹெல்மெட் நல்ல மூடிதான், ஆனால் போடும்போதும் கழற்றும்போதும் உச்சியை இழுக்கும். நான் நட்டு ஒரு மாதம் வரை பஸ்ஸில்தான் போனேன். அதன் பிறகும் உள்ளே மெல்லிய பட்டுத்துணி வைத்து, பட்டியைத் தளர்த்தி, இரண்டு கையாலும் அகட்டிப் பிடித்துத்தான் போட்டேன். பஸ்ஸிலும் ஜன்னல் பக்கம் வெயில் விழுகிற சீட்டில் தொப்பியைக் கழற்றாதீர்கள். கண்ணாடி கதிரில் ஒரு பங்கைத்தான் நிறுத்தும்.

அப்புறம், குடை. எங்கள் தாத்தா காலத்துக் கங்காணிமார் வைத்திருந்தார்களே, வளைந்த பிடியுள்ள பெரிய கறுப்புக் குடை. தலையைத் தொடாத நிழல் அது ஒன்றுதான். வெளிர்நிறத் துணியைவிடக் கறுப்பு கூடுதலாகத் தடுக்கும்.

ஹட்டன் விசில்

மூவருக்கும் நன்றி. லிந்துலை அண்ணே, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எண்ணெய்ப் போத்தலை அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். தாதி அக்கா, உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்தபோது என் பாட்டியின் தலை நினைவுக்கு வந்தது. அவருக்கும் அதே இடத்தில்தான். சின்ன வயதில் அது ஏன் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

வைத்தியருக்குப் படம் அனுப்பினேன். இன்னும் இரண்டு வாரம் கிரீம் வேண்டாம், தொப்பியும் நிழலும் போதும் என்றார். மருந்துச் சீட்டில் அக்கா சொன்ன மருந்து இருந்தது, 7ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பொங்கலன்று காலை வாசலில் பானை பொங்கியபோது, சூரியனைக் கும்பிடும் நேரத்துக்கு மட்டும் தொப்பியைக் கழற்றினேன். அப்போது மணி ஏழு கூட ஆகவில்லை.

நேற்று மைதானத்துக்குப் போய் ஒரு மீற்றர் கம்பு நட்டேன். ஸ்வெட்டர் போட்டிருந்தேன், மூக்கு நுனி குளிர்ந்துகொண்டிருந்தது. 9.55க்கு நிழலும் சரியாக ஒரு மீற்றர். நம்பவே முடியவில்லை. அந்தப் படத்தை அதிபரிடம் காட்டி, என் தலைக்காக மட்டும் இல்லை, பிள்ளைகளும் இதே வெயிலில்தான் நிற்கிறார்கள் என்று சொன்னேன். பயிற்சியை 7.15இலிருந்து 9.45 வரை வைத்து, மிச்சத்தைப் பாடசாலை விட்ட பிறகு மூன்று மணிக்கு மேல் வைக்க ஒத்துக்கொண்டார். போட்டி நாளில் ஆரம்பக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூடாரம் போடலாம் என்றும் சொன்னார். குனிகிற வேலையை உயர்தர மாணவர்கள் இரண்டு பேர் தொப்பியோடு செய்வார்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நாடா வைத்துத் தைத்தால் விசில் கயிறோடு சிக்காதா?

லிந்துலை வெளிக்களம்

சிக்கும். விசிலை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள் சேர். நாடாவைத் தொப்பியின் உள்பட்டியில் தைக்க வேண்டாம், முடிச்சு உச்சி ஓரத்தில் உரசும். விளிம்பில், காதுக்கு நேரே தைக்கச் சொல்லுங்கள்.